‘ஐ டிட் ஏட்’: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் மகள் ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. 12 டென்ஸையும் அட்டவணையோடு ஒப்பிப்பாள். ஆனால் ‘டிட் யூ ஈட்?’ என்று கேட்டால் ‘எஸ், ஐ டிட் ஏட்’ என்கிறாள். ‘ஐ ஆம் கேம்’, ‘டெய்லி ஐ வில் கோ டு ஸ்கூல்’ இதெல்லாம் அன்றாடம். திருத்தினால் அப்போதைக்குச் சரியாகச் சொல்வாள், மறுநாள் பழைய குருடி கதைதான். எங்கே இடிக்கிறது? இன்னொன்று: எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். வீட்டிலும் அப்படியே பழக்கட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அதில் இருக்கும் 12 கட்டங்களும் குழந்தைக்கு 12 தனித்தனிச் சங்கதிகளாகத் தெரிகின்றன. உண்மையில் ஆங்கில வினை தன் உருவை மாற்றிக் காட்டும் காலம் இரண்டுதான்: ஈட் அல்லது ஈட்ஸ் ஒன்று, ஏட் இன்னொன்று. மற்றதெல்லாம் துணைவினைகளைக் கோத்து உண்டாக்கியவை.

துணைவினை தமிழ்க் குழந்தைக்குப் புதிதும் அல்ல. ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். சாப்பிட்டு, கொண்டு, இருந்தேன். இதையே ‘இருக்கிறேன்’, ‘இருப்பேன்’ என்று மாற்றினாலும் முதல் இரண்டு துண்டுகளும் அசையாது. காலத்தைச் சுமப்பது கடைசித் துண்டு மட்டும். ஆங்கிலத்தில் ‘வாஸ் ஈட்டிங்’ என்றால் சுமப்பது முதல் துண்டு. ரயிலில் நமக்குக் கடைசிப் பெட்டி, அவர்களுக்கு எஞ்சின். எங்கே ஏற்றினாலும் காலம் ஒரு இடத்தில்தான் உட்காரும். ‘டிட் ஏட்’ தப்பாவது இதனால்தான்: டிட்டிலும் இறந்தகாலம், ஏட்டிலும் இறந்தகாலம்.

இதை வாயால் விளக்கினால் தலையாட்டுவாள், நிற்காது. கையால் செய்ய வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்போடு இருப்பதுதான் வசதி. மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, வெளிப்பக்கம் ஆங்கில எழுத்தில் ‘ஏட்’ என்று எழுதுங்கள். உள்ளே இரண்டு துண்டுச் சீட்டுகளைச் சொருகுங்கள்: ஒன்றில் ‘டிட்’, மற்றொன்றில் ‘ஈட்’. இன்னொரு பத்திரிகையில் வெளியே ‘ஈட்ஸ்’, உள்ளே ‘டஸ்’, ‘ஈட்’. மூன்றாவதில் வெளியே ‘ஈட்’, உள்ளே ‘டூ’, ‘ஈட்’. ஒரு வினைக்கு மூன்று. கோ, கம், சீ, கிவ், டேக், ரைட் என அடிக்கடி புழங்கும் 10 வினைகளுக்கு 30 பத்திரிகை போதும். ஹி, ஷி, யூ, தே போன்றவற்றுக்குத் தனிச் சீட்டுகள்.

சாதாரண வாக்கியத்துக்குப் பத்திரிகை மூடியே இருக்கும்: ‘ஹி’, பக்கத்தில் ‘ஏட்’. கேள்வி வேண்டுமா, திறக்க வேண்டும். டிட் வெளியே வந்து ‘ஹி’க்கு முன்னால் போகும், ஈட் பின்னால் நிற்கும், காலிப் பத்திரிகை மேஜையை விட்டு ஓரமாகப் போய்விடும். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமா, ஹி, டிட், நாட், ஈட். திறந்தால் ‘ஏட்’ கண்ணில் படாது, அதுதான் இதில் முக்கியம். ‘டஸ் ஹி ஈட்ஸ்’ என்பதும் இதே வழியில் ஒழியும். அந்த எஸ், டஸ்ஸோடு போய்விட்டது. சிலர் திறந்த பிறகும் காலிப் பத்திரிகையை வாக்கியத்தில் விட்டுவைப்பார்கள், பழைய தவறு உடனே திரும்பி வரும். ஆம், இஸ், ஆர், வாஸ், வில், கேன் இவற்றுக்குப் பத்திரிகையே கிடையாது. அவையே முன்னால் நகரும். இதைச் சொல்லாமல் விட்டால் ‘டூ யூ ஹேப்பி?’ என்று கேட்க ஆரம்பிப்பாள்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம், 3 வினை. டிட் தடுமாறாமல் வரும்வரை ஹேவ் பக்கம் போகாதீர்கள். ‘ஹேட் பீன்’ இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

‘ஐ ஆம் கேம்’ வேறு கணக்கு. ‘வந்திருக்கேன்’ என்பதில் ‘இருக்கேன்’ காதில் விழுகிறது, அவளுக்குத் தெரிந்த இருக்கேன் ‘ஆம்’. பேச்சுத்தமிழையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று நடுவில் ‘கிட்டு’ கேட்டால் ஆம், கூடவே இங்: ஐ ஆம் கமிங். கிட்டு இல்லாமல் வினையோடு இருக்கேன் ஒட்டி வந்தால் ஹேவ்: ஐ ஹேவ் கம். உட்கார்ந்திருக்கான், படுத்திருக்கான் மாதிரி சில இந்த வலையில் சிக்காது. அவை ‘இஸ் சிட்டிங்’, ‘இஸ் லையிங்’ என்றுதான் போகும்.

‘டெய்லி ஐ வில் கோ’ வருவது ‘தினமும் போவேன்’ என்பதிலிருந்து. தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவம் செல்லும், ஆங்கிலத்தில் வெறும் ‘கோ’. ‘தினமும்’ வந்தால் வில் வேண்டாம் என்று சொன்னாலே பாதி சரியாகும்.

மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது ‘அவன் சாப்பிடவில்லை’ என்று மட்டும் கொடுக்காதீர்கள். நம் ‘வில்லை’யில் காலம் கரைந்துபோகும். டிட் நாட் ஈட், ஹாஸ் நாட் ஈட்டன், இஸ் நாட் ஈட்டிங் மூன்றுமே அதற்குள் அடக்கம். சாப்பிட்டானா, சாப்பிட்டிருக்கானா, சாப்பிட்டுக்கிட்டிருக்கானா என்று முதலில் கேளுங்கள், பிறகு இல்லை போடச் சொல்லுங்கள்.

முழு வாக்கியம் பற்றிக் கேட்டீர்களே, உங்கள் தலைவலியின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘எஸ், ஐ டிட்’ என்று அவள் ஆரம்பிக்கிறாள். அது அந்த இடத்திலேயே முடிந்த, குறையில்லாத ஆங்கிலம். முழுசாகச் சொல் என்ற மிரட்டலில் கூட ஒரு வினையைத் தேடி ‘ஏட்’டை ஒட்டவைக்கிறாள். வீட்டில் ‘எஸ், ஐ டிட்’ சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளிக்காக முழு வாக்கியம் வேண்டுமென்றால் ‘எஸ், ஐ ஏட்’ என்று பத்திரிகையை மூடி வைத்த பதிலைப் பழக்குங்கள்.