தவிட்டில் பூட்டுண்ட சத்து: மெல்லிய கோது முட்டைக்கு நொதியப் பொடி உதவுமா?

கேள்வி: ஐயா, தம்பலகாமத்தில் 120 முட்டைக்கோழிகளைக் கம்பிக் கூட்டில் வளர்க்கிறேன். 40 கிழமை வயது. தீன் விலை கட்டுப்படியாகாமல், இரண்டு மாதமாகக் கடைத்தீனோடு மில் தவிட்டைச் சரிபாதி கலந்து போடுகிறேன். இப்போது முட்டைக் கோது மெல்லிசாகி, எடுக்கும்போதே விரல்பட்டு உடைகிறது. இரண்டு கோழிகள் எழும்ப முடியாமல் கிடக்கின்றன. பைட்டேஸ் என்ற நொதியப் பொடியைத் தவிட்டில் கலந்தால் எல்லாம் சரிவரும் என்கிறார் தீன் கடைக்காரர். வாங்கலாமா? மாட்டுக்கும் போடலாமா?

பதில்: தம்பி, பொடியைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் தீன் வாளியைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நல்ல முட்டைக்கோழித் தீனில் கல்சியம் நூற்றுக்கு 3.8 அளவில் இருக்கும். கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால் 4 கிராமுக்குச் சற்று மேல் கல்சியம் உள்ளே போகும். அதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டும். ஒரு முட்டைக் கோதுக்கு வேண்டியதும் சுமார் 2 கிராம். கணக்கு நேராகிவிடும். நீங்கள் பாதிக்குப் பாதி தவிடு கலந்ததும் அந்த 110 கிராமில் தீன் 55 கிராம்தான். தவிட்டில் கல்சியம் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக 2 கிராம் உள்ளே போய், ஒட்டுவது ஒன்றோ ஒன்றேகாலோ. மீதியைக் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஈடுகட்டுகிறது. கிடக்கிற இரண்டும் பெரும்பாலும் அப்படி எலும்பு தேய்ந்து விழுந்தவைதான்.

அடுத்தது தவிட்டின் குணம். ஒரு கிலோ தவிட்டில் பொஸ்பரஸ் சுமார் 15 கிராம் இருக்கும். தானியங்களுக்குள் அது பெரிய அளவு. ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு பைட்டேட் என்ற உருவில் பூட்டுண்டு கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதியம் கோழியின் குடலில் போதிய அளவு இல்லை. பைட்டேட் சும்மாவும் இருக்காது, கல்சியத்தையும் நாகம் என்ற துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறும். ஏற்கெனவே குறைந்த கல்சியத்தில் இது இன்னொரு கை வைக்கிறது.

அந்தப் பூட்டுக்குச் சாவிதான் பைட்டேஸ். ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து எடுத்த பைட்டேஸைக் கோழிக்குஞ்சுத் தீனில் கலந்து பலன் காட்டியது 1960களின் கடைசியில். பண்ணைக்கு விற்பனைப் பொருளாக வந்தது 1991இல். கோழித் தீனில் பைட்டேட்டும் பைட்டேஸும் பற்றி நிறைய ஆராய்ந்தவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகப் பேராசிரியர் வேல்முருகு ரவீந்திரன். பைட்டேட் பொஸ்பரஸை மட்டுமல்ல, புரதச் செரிமானத்தையும் கெடுக்கிறது, பைட்டேஸ் போட்டால் அமினோ அமிலங்களும் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. ஆகவே கடைக்காரர் சொன்னது புளுகு அல்ல. ஆனால் சாவி பெட்டியைத் திறக்கும், பெட்டிக்குள் இல்லாததைக் கொண்டுவராது. உங்கள் கோழிக்குக் குறைவது கல்சியம், அது தவிட்டில் இல்லையென்றே சொல்லலாம்.

இன்னொன்று, உங்கள் கடைத்தீன் பையில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசித்துப் பாருங்கள். பல தீன்களில் பைட்டேஸ் ஏற்கெனவே கலந்துதான் வருகிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அளவைக் கவனியுங்கள். ஒரு கிராமில் 5000 அலகு உள்ள பொடி ஒரு தொன் தீனுக்கு 100 கிராம் போதும். நீங்கள் 25 கிலோ தீன் கலந்தால் அது இரண்டரைக் கிராம். அதை நேரே வாளியில் தூவினால் ஒரு கோழிக்கு முழுக்கப் போகும், பத்துக் கோழிக்கு ஒன்றுமே போகாது. ஒரு கைபிடித் தவிட்டில் முதலில் பிசறி, பிறகு ஒரு கிலோவில், அதன் பிறகு முழுவதிலும் கலக்க வேண்டும். சுடுகஞ்சியில் போட்டால் நொதியம் செத்துவிடும்.

இப்போதே செய்ய வேண்டியது: தவிட்டைப் பத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள், கூடினால் ஒன்றரை. மாலை மூன்று, நான்கு மணிக்குக் கோழிக்கு 5 கிராம் கணக்கில், மிளகுப் பருமனில் உடைத்த சிப்பி ஓட்டைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். கோது இரவில்தான் கட்டுப்படுகிறது, மாவாக அரைத்தது அதுவரை குடலில் நிற்காது. உங்கள் குடாவில் ஒரு காலத்தில் முத்துக்குளித்த தட்டைச் சிப்பியின் ஓடும் இதே சரக்குத்தான்! விழுந்த இரண்டையும் கூட்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டு, தண்ணீரையும் சிப்பி ஓட்டையும் வாய்க்கு எட்டும்படி வையுங்கள். அனேகமாக எழும்பிவிடும்.

தவிட்டையும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் உமி மேலே மிதக்கும். நிறைய மிதந்தால் உமிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். பச்சையரிசித் தவிட்டுக்குள் எண்ணெயைக் கெடுக்கும் நொதியம் ஒன்று இயல்பாகவே உண்டு, ஒரு கிழமையில் காறல் மணம் வந்துவிடும். புழுங்கல் தவிட்டில் அவித்த சூட்டில் அது செயலிழந்துவிடுவதால் சற்றுத் தாங்கும்.

வெக்கையான கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கோழி வாயைத் திறந்து இளைத்தாலும் கோது மெலியும். அப்போது கூரைக்கு மேல் கிடுகும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்து கண்டால் அது தீன் விஷயம் அல்ல, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக்கு இந்தப் பொடி தேவையில்லை. அதன் பெரிய வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே பைட்டேஸை உண்டாக்கிக்கொள்ளும். கோழிக்குக் குறைக்கும் தவிட்டை, காறாமல் இருந்தால், அதற்கே போடுங்கள்.