கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் திரும்பலாமா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் தருபவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் 31 வருடம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்ற தண்டையார்பேட்டைக்காரர். சமீபத்தில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்.

மெல்போர்னில் மகன் இருக்கிறான். கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்கிறான். முடியுமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

முடியும்மா, ஆனால் வேண்டாம். இந்தக் கடலோர ரோடு தொடங்கும் டார்க்கீயிலிருந்து முடியும் அல்லன்ஸ்ஃபோர்டு வரை 240 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. என் மருமகனும் ஒரே நாள் கணக்கில்தான் கிளம்பினார். லார்ன் தாண்டும்போதே மதியம் ஆகிவிட்டது. இருட்டிய பிறகு போர்ட் கேம்ப்பெல் பக்கத்தில் ஒரு கங்காரு வண்டிக்குக் குறுக்கே குதித்தது. அவர் பிரேக் அடித்த அடியில் மகள் மடியில் இருந்த புளிசாத டப்பா டேஷ்போர்டில் போய் மோதியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஊரிலேயே ரூம் எடுத்துத் தங்கினோம். மறுநாள் விடிகாலையில் பார்த்த கடலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நீங்களும் ஓர் இரவு தங்கிவிட்டு, கோலாக் வழியாக உள்நாட்டு ரோட்டில் திரும்புங்கள்.

நம் ஆட்கள் அங்கே ஓட்டுவது கஷ்டமா?
- வாசகர், திருவொற்றியூர்

நம்மைப் போல அங்கேயும் இடது பக்கம்தான், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். சுற்றுலா விசாவில் போனால், ஆங்கிலத்தில் இருக்கிற நம்ம ஊர் லைசென்ஸே செல்லும். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடத் தனி இடம் விட்டிருக்கிறார்கள். அதில் கட்டாயம் ஒதுங்குங்கள்.

அப்புறம், ஈஸ்டர்ன் வியூவில் ரோட்டுக்கு மேல் மரத்தால் கட்டிய ஒரு நினைவு வளைவு வரும். வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3000 படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து வைத்து வெட்டிப் போட்ட ரோடு இது. போரில் செத்த தோழர்களின் நினைவாக இதைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவர்களுக்குச் சிலையும் உண்டு. ஆயுசெல்லாம் ரோட்டில் கழித்தவன் நான். ரோடு போட்டவனுக்குச் சிலை வைத்து அன்றுதான் பார்த்தேன். கை தானாகக் கும்பிட்டது.

அந்த ரோட்டோரக் கடலில் நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் உண்மையிலேயே பன்னிரண்டா?
- கல்லூரி மாணவர், ராயபுரம்

இல்லை தம்பி. ஒன்பதாக இருந்ததில் 2005 ஜூலையில் ஒன்று சரிந்து எட்டுதான் நின்றது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. அலை முதலில் குடைந்து குகையாக்கும், குகை வளைவாகும், வளைவின் நடு இற்று விழுந்தால் தூண் மட்டும் தனியாக நிற்கும். பக்கத்திலேயே லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நம்ம கரைதான் ஞாபகம் வந்தது. துறைமுகம் கட்டியதும் தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டு மெரினா அகலமானது, நம் பக்கம் கரை அரித்துப் போனது. என் அம்மா பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்றைக்குப் பாறாங்கல் கொட்டியிருக்கிறது. அங்கே கடல் தன் போக்கில் தின்கிறது. இங்கே நாம் மணலை மறித்ததால் தின்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் இதைப் படித்து, கேள்வி கேட்க வேண்டும்.

முழங்கால் தாங்குகிறவர்கள் கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படி இறங்கிப் பாருங்கள். மேலே இருந்து குட்டியாகத் தெரிந்த பாறையை அங்கே கழுத்தை வளைத்துத்தான் பார்க்க முடியும். கடல் சீறினால் வழியை மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.