முளைக்காத சாலாட் விதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து எழுதுகிறேன். பின்வாசலில் ஒரே பாத்தியில் தண்டுக்கீரை, கங்குங் கீரை, சாலாட் (லெட்டூஸ்) மூன்றும் போட்டேன். கீரையும் கங்குங்கும் சில நாளிலேயே தலைகாட்டின. சாலாட் மூன்று வாரமாகியும் ஒரு முளைகூட இல்லை. இரண்டாவது பாக்கெட்டும் அப்படியே. கடைக்காரர், "விதை நல்ல விதைதான், போட்ட கைதான் சரியில்லை" என்கிறார். எனக்குக் குழந்தை இல்லை. அதைச் சேர்த்து வைத்து லயத்தில் கைராசி பேசுகிறார்கள். கேமரன் மலையில் மட்டும் எப்படி இவ்வளவு விளைகிறது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்தக் கைராசிப் பேச்சு உங்களைத் தொட வேண்டியதே இல்லை. அதே கைதானே கீரையையும் போட்டது?

சாலாட் விதைக்குச் சூடு ஆகாது. பெரும்பாலான ரகங்கள் 28, 30 டிகிரியைத் தாண்டினால் முளைப்பதை நிறுத்திவிடும். உங்கள் ஊரில் மதியக் காற்றே 32, 33 டிகிரி. வெயில் பட்ட மேல்மண் அதற்கும் மேல் கொதிக்கும். கேமரன் மலை உயரத்தில் இருக்கும் குளிர்ந்த இடம், அங்கே அந்தக் கொதிப்பு இல்லை, வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது. இதைப் பாக்கெட்டில் ஒரு வரி அச்சடித்திருந்தால் நீங்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம். எனக்கு அதுதான் ஆற்றாமை.

மண்ணில் இருக்கும் விதையும் உடனே செத்துப்போவதில்லை. ஒன்றைக் கிளறி எடுத்துப் பாருங்கள்: எள்ளைவிட ஒல்லியாக, நெடுக வரி ஓடி, தண்ணீர் குடித்து உப்பியிருக்கும். உள்ளே கருவைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. வேர்முனை அதைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். சூடு தட்டினால் விதை அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைப் புதிதாகச் சுரக்கும். அது இருக்கும்வரை உறை இளகாது, வேரும் முட்டாது. காரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டு குடும்பத்துப் பொருளை வெட்டித்தான் விதை இதைத் தயாரிக்கிறது. வெட்டும் நொதிக்கான மரபணுவின் பெயர் என்.சி.இ.டி.4.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கென்ட் பிராட்ஃபோர்ட் குழுவினர் இதைத் துலக்கினார்கள். சலினாஸ் என்ற பயிர் ரகத்தையும், கலிபோர்னியாவில் எடுத்த காட்டுச் சாலாட் ஒன்றையும் கலந்து வாரிசுகளைச் சோதித்தார்கள். காட்டு விதை 35 டிகிரியைத் தாண்டியும் முளைக்கும். அந்தக் குணத்தின் பெரும்பங்கு ஆறாம் குரோமோசோமில் ஓரிடத்தில் இருந்தது. அங்கே இருந்ததுதான் இந்த மரபணு. சூட்டில் சலினாஸ் விதையில் அது விழித்துக்கொள்கிறது, காட்டு விதையில் அடங்கிக் கிடக்கிறது. 2013இல் சலினாஸிலேயே அதை அடக்கிக் காட்டினார்கள், விதை சூட்டிலும் முளைத்தது. 2018இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அதை முடக்கிய விதைகள் 37 டிகிரியில்கூட முளைத்தன.

ஆனால் முளைப்பது வேறு, வளர்வது வேறு. அந்த மரபணுவை முடக்கினாலும் செடி வெயிலுக்குப் பழகிவிடாது. சூட்டில் சாலாட் சீக்கிரம் பூத்தண்டு விடும், இலை கசக்கும். விதை ஏன் இப்படிப் பொறுக்கிறது? சாலாட்டின் காட்டு முன்னோர் வளர்ந்த மத்தியதரைக்கடல் பக்கத்துக் கோடையில் மழை அபூர்வம். அங்கே சூட்டில் முளைத்த நாற்று கருகிப்போகும். குளிர்மழை வரும்வரை பொறுத்த விதைகளின் வம்சம்தான் பெரும்பாலும் பிழைத்தது. உங்கள் பாத்தியிலும் அது பொறுத்துக் கிடக்கிறது.

உங்கள் அம்மாவோ பாட்டியோ ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருப்பார்கள். ரப்பர் கொட்டைக்கு இந்தப் பொறுமை அறவே இல்லை, காய்ந்தால் செத்துவிடும். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 கொட்டைகளில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த வழியில் வந்த சில கன்றுகளைத்தான் உங்களுக்கு அடுத்த கோலகங்சாரில் நட்டார்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். விதையை ஈரத்துணியில் சுற்றி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு சாயங்காலம், நிழலான தட்டில் தூவுங்கள். ஆழமாய் மூடாதீர்கள், பல ரகங்களுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைவரும். முதல் சில நாள் மதியத்தில் நனைந்த சாக்கு நிழலாவது வேண்டும். சூட்டில் நெடுநாள் கிடந்தவை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போயிருக்கலாம், குளிர்ந்தாலும் உடனே எழாது. ஆகவே பாக்கெட்டில் மிச்சமிருப்பதில் தொடங்குங்கள். முளைத்ததும் இலையைச் சின்னதிலேயே பறித்துவிடுங்கள், முற்றவிட்டால் கசக்கும்.

அன்புடன்.