ஊசியை அவரே குத்தலாம்

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "என் கணவருக்கு 54 வயது. சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இப்போது வீட்டிலேயே ஐந்தாறு நாள் செய்யலாம் என்கிறார்கள். அது உடம்புக்கு நல்லதா? எனக்கு இரத்தத்தைக் கண்டாலே கை நடுங்கும்."

அன்புச் சகோதரி, டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்? பலர் சப்பாத்தைக் கழற்றியதும் சோபாவில் சாய்ந்துவிடுவார்கள். போட்டு வைத்த சோறு ஆறிக் கிடக்கும். இரண்டு மூன்று நாள் சேர்ந்த நீரை நான்கு மணி நேரத்தில் இழுத்தெடுத்தால் உடம்பு தாங்குமா? இதயமும் அதே பாட்டைத்தான் படுகிறது. அதிலும் கிழமைக்கு ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளி பொல்லாதது. அது முடிகிற நாளில்தான் மரணங்கள் கூடுகின்றன என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அடிக்கடி செய்தால் ஒவ்வொரு தடவையும் எடுக்கும் நீர் குறையும், களைப்பும் சீக்கிரம் தெளியும். 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 245 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். அது ஆஸ்பத்திரியில் செய்த டயாலிசிஸ்தான். ஆனாலும் கிழமைக்கு ஆறு தடவை செய்தவர்களுக்கு இதயத் தசையின் தடிப்புக் குறைந்தது, இரத்த அழுத்தமும், இரத்தத்தில் சேரும் பொஸ்பரஸ் என்ற உப்பின் அளவும் இறங்கின. அதே ஆட்களுக்குத்தான் கையில் உள்ள பிஸ்டுலாவை, அதாவது ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடத்தை, சரிசெய்யும் சிகிச்சையும் அதிகம் தேவைப்பட்டது. அடிக்கடி குத்துகிற இடம் அல்லவா, கிருமி தொற்றாமலும் பார்க்கவேண்டும்.

தூக்கத்திலேயே இரவு முழுக்கச் செய்கிற முறையும் உண்டு. கிழமைக்கு ஐந்தாறு இரவு வீட்டில் அப்படிச் செய்வது 1994இல் உங்கள் ரொறன்ரோவில்தான் தொடங்கியது. ஆனால் அதை ஆராய்ந்தபோது பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, மிச்சமிருந்த சிறுநீரும் வேகமாக வற்றியது. அவருக்கு இன்னும் சிறுநீர் போகிறதென்றால் வைத்தியரிடம் முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

சரி, உங்கள் கை நடுக்கம். கணவருக்குக் கண்ணும் கையும் திடமாக இருந்தால் ஊசியை அவரே குத்தப் பழகலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பயிற்சி சில கிழமைகள் நடக்கும். நீங்கள் குழாயை பிளாஸ்டரால் இறுக்கி ஒட்டிவிட்டு, அந்தக் கை போர்வைக்கு வெளியே தெரியும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஊசி நழுவினால் இரத்தம் வேகமாகப் போய்விடும், அதனால் ஈரம் பட்டவுடன் அலறும் கருவியையும் கேட்டு வாங்குங்கள். எனக்குப் பெரிய கவலை உங்கள் களைப்புத்தான். ஆறு மாதம் செய்து பார்த்து முடியவில்லை என்றால் தயங்காமல் தாதியிடம் சொல்லுங்கள், பழையபடி ஆஸ்பத்திரிக்கே மாறலாம்.