மிடில் ஸ்கூல் பிள்ளைக்கு லத்தீனும் தர்க்கமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்க வைத்த கதையை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் இருக்கும் அம்மாக்களிடமிருந்து. எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: லத்தீன், தர்க்கம், சொல்வன்மை என்று பழைய ஐரோப்பிய வழியில் கற்பிக்கும் கிளாசிக்கல் முறையில் எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது? இந்த முறை அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அக்கா, நாங்கள் டெக்சஸில் பிளேனோ பக்கம் இருக்கிறோம். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 13. இருவரையும் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம். கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ், மெமோரியா பிரஸ், வெல் டிரெயின்ட் மைண்ட் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலை சுற்றுகிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஏதாவது ஒன்றை முழு செட்டாக வாங்கிவிடலாமா?
— வாசகி, பிளேனோ

முழு செட்டாக வாங்காதீர்கள். முதல் வருடம் கண்டிப்பாக வேண்டாம்.

நாங்கள் வாங்கினோம். ஆகஸ்டில் இரண்டு பெரிய பெட்டிகள் வந்து இறங்கின, வார வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த அட்டவணையோடு. அக்டோபரில் அட்டவணை ஒன்பதாம் வாரத்தில் நின்றது, நாங்கள் ஐந்தாம் வாரத்தில். பையன் லத்தீன் வினைச்சொல் அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவனிடம் குறை இல்லை. ஆறாம் வகுப்புப் பெட்டி என்றால், இரண்டாம் மூன்றாம் வகுப்பிலிருந்தே அதே பதிப்பகத்தின் புத்தகங்களைப் படித்து வந்த பிள்ளைக்கான பெட்டி அது. நடுவில் நுழைகிறவனுக்கு அது பொருந்தாது. பெட்டியின் மேல் இருக்கும் வகுப்பு எண்ணை மறந்துவிட்டு, கணக்கில் எங்கே நிற்கிறான், எழுத்தில் எங்கே நிற்கிறான் என்று பாடம் பாடமாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அந்த மூன்றும். கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் 1997இல் வட கரோலினாவில் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள் குழுவாகக் கூடுவார்கள், மற்ற நாட்களில் வீட்டில் படிப்பு. பிள்ளைகளுக்குத் தோழமை கிடைக்கும், உங்களுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். ஆனால் அது வெளிப்படையாகவே கிறிஸ்தவ அமைப்பு. பாடங்கள் எல்லாவற்றிலும் அந்த நம்பிக்கை ஓடும், மறைக்கவும் மாட்டார்கள். பிடிக்காவிட்டால் சேர்ந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. மெமோரியா பிரஸும் கிறிஸ்தவப் பதிப்பகம்தான், கென்டக்கியில் லூயிவில்லில் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு பாடத்தையும் தனியாக வாங்கலாம், மத பாடம் தனிப் புத்தகம் என்பதால் அதை விட்டுவிடலாம். லத்தீனில் அவர்களுடைய வரிசை உறுதியானது. வெல் டிரெயின்ட் மைண்ட் என்பது பெட்டியே இல்லை. ஜெஸ்ஸி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பாவரும் 1999இல் எழுதிய வழிகாட்டிப் புத்தகம். எந்த வயதில் எதை, எப்படி என்று சொல்லும், புத்தகங்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எந்த மதத்துக் குடும்பமும், மதமே வேண்டாம் என்கிற குடும்பமும் இதைப் பின்பற்றலாம். உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நூலகத்திலிருந்து எடுத்து, ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பகுதியை மட்டும் முதலில் படியுங்கள்.

ஏன் அந்தப் பகுதி என்றால், கிளாசிக்கல் முறையில் மூன்று படிகள்: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை. சின்ன வயதில் மனப்பாடம், மிடில் ஸ்கூல் வயதில் ஏன் எதற்கு என்ற கேள்வி, அதற்குப் பிந்தைய பதின்வயதில் சொந்தமாக எழுதுவதும் பேசுவதும். படிகளை இப்படி வயதோடு பொருத்திச் சொன்னவர் டோரதி சேயர்ஸ், துப்பறியும் கதைகள் எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர், 1947இல் ஆக்ஸ்போர்டில் பேசிய ஓர் உரையில். எதிர்த்துப் பேசுவதும் பெரியவர்களின் தப்பைப் பிடிப்பதும்தான் நடுப்படியின் அடையாளம் என்றார். உங்கள் பெண்ணும் பையனும் இப்போது இருப்பது அந்தப் படியில். ஆகவே எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் ஒன்றைப் பாருங்கள்: பிள்ளை படித்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவும், அதைப் பற்றி உங்களோடு வாதாடவும் அதில் இடம் இருக்கிறதா? வெறும் கோடிட்ட இடத்தை நிரப்புகிற புத்தகமாக இருந்தால், அட்டையில் ரோமானியத் தூண் படம் போட்டிருந்தாலும் வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்க மாணவர் புத்தகத்தைப் பார்க்காதீர்கள், ஆசிரியர் கையேட்டைப் பாருங்கள். பதிப்பக இணையதளங்களில் மாதிரிப் பக்கங்கள் இருக்கும். பிள்ளை தப்பாகச் சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்று கையேடு சொல்லித் தருகிறதா, இல்லை விடைகளை மட்டும் அடுக்கியிருக்கிறதா? நமக்கே தெரியாத பாடத்தை நடத்தப் போகிறோம், அந்தக் கையேடுதான் நமக்கு வாத்தியார்.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள், செலவே இல்லை. வரலாற்றுப் புத்தகத்தில் நாலைந்து பத்திகள் எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். நைல் நதி வெள்ளத்தைப் பற்றி என் பெண்ணுக்கு முதலில் கொடுத்தபோது பத்தி முழுவதையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டே கேள்விகள் கேட்டேன். இந்தப் பத்தி எதைப் பற்றி? அதைப் பற்றி முக்கியமாக என்ன சொல்கிறது? வெள்ளம் வடிந்ததும் வண்டல் தங்கியது என்பதில்தான் உயிர் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்கு விவரம் என்று அவளாகவே கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அவள் கற்றதுபோல் அந்த வருடம் வேறெதிலும் கற்கவில்லை. உங்கள் பிள்ளைகள் இதில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு எழுத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள், பையனுக்கு 13 என்பதற்காக மேல் வகுப்புப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. வரலாற்றை இருவருக்கும் சேர்த்தே நடத்துங்கள். பண்டைக் காலம், இடைக்காலம், நவீனத் தொடக்கம், நவீன காலம் என்று நான்கு வருடச் சுற்றில் எந்த வருடத்திலிருந்தும் சேர்ந்துகொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டெக்சஸில் ஹோம்ஸ்கூல் தனியார் பள்ளியாகவே கருதப்படும், 1994இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஐந்தும் இருந்தால் போதும். பள்ளிக்கு விலகல் கடிதம் கொடுக்கவில்லை என்றால் அதை மட்டும் உடனே கொடுத்துவிடுங்கள்.

லத்தீன் எதற்கு? நமக்குத்தான் தமிழ் இருக்கிறதே, அதுவும் செம்மொழிதானே? லத்தீனுக்குப் பதில் தமிழை வைத்தால் ஆகாதா?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

நல்ல கேள்வி, இதற்கு நான் மாறி மாறி இரண்டு பதில் சொல்லியிருக்கிறேன். இப்போதைய பதில்: வீட்டில் தமிழ் பேச்சோடு நின்றுபோய், பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறது என்றால் முதலில் தமிழ். லத்தீனைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்கினாலும் எதுவும் கெட்டுப்போகாது. இரண்டையும் ஒரே வருடத்தில் தொடங்க மட்டும் வேண்டாம்.

தமிழ் ஓரளவு ஊன்றிவிட்டதென்றால் தாராளமாக லத்தீனுக்குப் போகலாம், ஏனென்றால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இல்லாத வசதி நம் பிள்ளைக்கு இருக்கிறது. எங்கள் சமையலறை மேஜையில் நடந்தது இது. 'கனிஸ் ஹோமினெம் மோர்டெட்' என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. ஆங்கிலத்தில் நாயையும் மனிதனையும் இடம் மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். லத்தீனில் 'ஹோமினெம் கனிஸ் மோர்டெட்' என்று மாற்றினாலும் கடிப்பது நாய்தான். "அம்மா, மனிதனை நாய் கடிக்கிறது என்று நாமும் சொல்லலாமே! அந்த எம்-தான் நம்ம ஐ!" என்றாள் பெண். அவ்வளவுதான், இரண்டாம் வேற்றுமை முடிந்தது. 'கு' நான்காம் வேற்றுமை, 'உடைய' ஆறாம் வேற்றுமை, அவற்றுக்கும் லத்தீனில் ஜோடி உண்டு. மார்குஸ் என்பவனைக் கூப்பிடும்போது 'மார்கே' என்பார்கள், கண்ணனைக் 'கண்ணா' என்று கூப்பிடுகிற அதே விளி வேற்றுமை. வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வருவது வரைக்கும் நமக்குப் பழகிய வீடு. தமிழ் வேற்றுமையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு லத்தீனைத் தொடங்குங்கள்.

புத்தகம் என்றால், அட்டவணை போட்டு ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைக்கு மெமோரியா பிரஸின் ஃபர்ஸ்ட் ஃபார்ம் லத்தீன். பாடம் நடத்தும் வீடியோவும் உண்டு, லத்தீன் தெரியாத அம்மாவுக்குப் பெரிய உதவி. கதை படிக்கிற பிள்ளைக்கு டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய லிங்குவா லத்தீனா. முதல் பக்கத்திலிருந்தே முழுக்க லத்தீன்தான், 'ரோமா இன் இத்தாலியா எஸ்ட்' (ரோம் இத்தாலியில் இருக்கிறது) என்று தொடங்கும், அகராதி இல்லாமலே பிள்ளைக்குப் புரியும். அழுத என் பையன் சிரித்தது இந்தப் புத்தகத்தில்தான். வருடத்துக்கு ஏதாவது இலக்கு வேண்டுமென்றால் நேஷனல் லத்தீன் எக்ஸாம் எழுத வைக்கலாம், ஹோம்ஸ்கூல் பிள்ளைகளும் எழுதலாம்.

13 வயதுப் பையன். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறான். தர்க்கப் பாடம் கொடுத்தால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், ஷார்லட், வட கரோலினா

பயப்படாதீர்கள் அண்ணா, முறையாகக் கற்றுக்கொண்டால் குறையும். முதல் இரண்டு மாதம் கூடும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். தி ஆர்ட் ஆஃப் ஆர்க்யுமென்ட் என்ற புத்தகம் 28 வகைத் தவறான வாதங்களை விளம்பரங்களையும் அரசியல் பேச்சையும் வைத்து விளக்குகிறது, இந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். முறையான தர்க்க வடிவங்களுக்கு எட்டாம் வகுப்பில் போகலாம்.

ஒரு விதி வையுங்கள்: மறுப்பதற்கு முன் எதிராளி சொன்னதை எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பட்டிமன்றம் போல, தனக்குப் பிடிக்காத கட்சியைத்தான் பேச வேண்டும் என்று வைத்திருந்தோம். அப்புறம், இது ஏதோ கிரேக்கர்களின் சொத்து என்று பையன் நினைக்க வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது தர்க்கம்தான். பக்கப் போலி (கூற்றில் தவறு), ஏதுப் போலி (காரணத்தில் தவறு), திட்டாந்தப் போலி (உதாரணத்தில் தவறு) என்று தவறான வாதங்களை வகை பிரித்துச் சொல்கிறார். போலி! எவ்வளவு சரியான சொல் பாருங்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது தப்பான காரணம் சொன்னால் "ஏதுப் போலி" என்றுதான் குரல் வரும்.

கிளாசிக்கல் என்று போனால் கணக்கும் அறிவியலும் அடிபடுமா?
— வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

நீங்கள் விட்டால் அடிபடும். கணக்கை இந்த முறையோடு சேர்க்காமல் தனியாகவே தேர்ந்தெடுங்கள். சாக்ஸன் என்ற கணக்குப் புத்தக வரிசை தினமும் பழைய பாடத்தையும் கலந்து பயிற்சி கொடுக்கும், மறந்துபோகிற பிள்ளைக்கு நல்லது. ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் என்ற இன்னொரு வரிசை கடினம், முதலில் கணக்கைக் கொடுத்துத் திணறவிட்டு அப்புறம்தான் விளக்கும், அதை ரசிக்கிற பிள்ளைக்கு மட்டும் வாங்குங்கள். இரண்டுக்கும் இலவச நிலைத் தேர்வு உண்டு, அதை எழுத வைக்காமல் வாங்க வேண்டாம். அறிவியலில் ஒரு எச்சரிக்கை: சில மதப் பதிப்பகங்களின் புத்தகங்கள் பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று சொல்லும். பரிணாமம் பற்றிய அத்தியாயத்தை முதலில் திறந்து பாருங்கள்.

பென்சில்வேனியாவில் விதிகள் கடுமை என்கிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு.
— வாசகி, பிட்ஸ்பர்க்

டெக்சஸோடு ஒப்பிட்டால் கடுமைதான், ஆனால் முடியாததில்லை. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1க்குள் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்துக்கு, அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) கொடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து 180 நாள் அல்லது 990 மணி நேரம். செய்த வேலைகளைக் கோப்பாகச் சேர்த்துத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் காட்டி, அவர் சான்றிதழை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு உண்டு, அதைப் பெற்றோர் நடத்தக் கூடாது, எனவே இந்த வருடம் இடம் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கிளாசிக்கல் பிள்ளைகளுக்குக் கோப்பு தானாகவே சேர்ந்துவிடும். வாரம் ஒரு கட்டுரை, ஒரு பக்க லத்தீன் மொழிபெயர்ப்பு, படித்த புத்தகங்களின் பட்டியல், தேதி போட்டு வையுங்கள்.

இரண்டு வருடத்தில் கோவைக்குத் திரும்பிவிடுவோம். அப்போது மகன் என்ன செய்வான்?
— வாசகி, சியாட்டில்

இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆகியிருந்தால் போதும், பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளியிலேயே சேர்ப்பதென்றால் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள், உங்களிடம் இருக்காது. அதனால் இப்போதிருந்தே வருடத்துக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள்: என்ன பாடம், எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் வரை, தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண். கணக்கில் மட்டும் இந்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை வாரம் ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் போடச் சொல்லுங்கள். லத்தீனை நிறுத்த வேண்டாம், கோவையிலும் சமையலறை மேஜை இருக்கிறது.