பிஎம்டிடி: தேதி போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே எரிச்சலும் அழுகையும் வந்துவிடுகின்றன. "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்கிறார்கள். இது பிஎம்டிடியா, அதாவது மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மனநிலையைக் கடுமையாகக் குலைக்கும் கோளாறா?

ஒரு நோட்டு எடுங்கள். எரிச்சல், சோர்ந்த மனம், பதற்றம், திடீர் அழுகை, தூக்கம், பசி, மார்பு வலி என ஒவ்வொன்றுக்கும் தினமும் படுக்கப் போகும்முன் 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுங்கள் (1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் மிகக் கடுமை). ரத்தப்போக்கு தொடங்கிய நாளை வட்டமிடுங்கள். குறைந்தது இரண்டு மாதச் சுழற்சிகள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் அன்றைய மனநிலைதான் ஏழு நாளுக்கும் பதிவாகும்.

பிறகு வட்டத்துக்கு அடுத்த வாரத்தைப் பாருங்கள். முன்பு 5, 6 என்று இருந்த எரிச்சல் மூன்றாம் நாள் 2 ஆகி, அடுத்த வாரம் முழுக்க 1 என்றால் சந்தேகம் வலுக்கிறது. மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது மனநிலை சார்ந்ததாக இருக்க வேண்டும். வேலையோ உறவோ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வாரத்திலும் 4 நின்றால், ஏற்கெனவே உள்ள மனச்சோர்வு மாதவிடாய்க்கு முன் கூடுவதாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். அப்படியானால் மனப்பிரமையா?

இல்லை. பிஎம்டிடியில் அளவு நார்மலாக இருப்பதுதான் வழக்கம். புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடைந்து உருவாகும் அல்லோபிரெக்னனலோன் பொதுவாக மூளையை அமைதிப்படுத்தும். அதன் ஏற்ற இறக்கத்துக்குச் சிலரின் மூளை தலைகீழாக எதிர்வினை செய்கிறது. இதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் இதே சோர்வைத் தரக்கூடியவை.

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை 20 மி.கி. எழுதிக்கொடுத்து, பாதி மாதம் மட்டும் போடச் சொன்னார் டாக்டர். அரைகுறை வைத்தியமாகாதா?

ஆகாது. மனச்சோர்வுக்கு இது வேலை செய்ய வாரக்கணக்கில் பிடிக்கும். பிஎம்டிடியில் சில நாளிலேயே பலன் தெரியும். அதனால்தான் எதிர்பார்க்கும் தேதிக்கு 14 நாள் முன்பு தொடங்கி, ரத்தப்போக்கு வந்ததும் நிறுத்தும் முறை இருக்கிறது. 28 நாள் சுழற்சி என்றால் 14-ஆம் நாள், 32 என்றால் 18-ஆம் நாள். தேதி தாறுமாறாக வருபவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். தினமும் போடுவதே எளிது. முதல் சில நாள் குமட்டலாம், சாப்பிட்டபின் போடுங்கள். தாம்பத்திய ஆர்வம் குறைந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் தொடங்கும்முன்பே சொல்லிவிட வேண்டும்.

அந்த நாட்களில் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. பீரியட்ஸ் வந்ததும் போய்விடுகிறது.

போய்விடுகிறது என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். நோட்டும் இரண்டு மாதமும் உங்களுக்கு வேண்டாம். இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை அட்டைகளை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

கருத்தடை மாத்திரை உதவுமா?

டிரோஸ்பிரெனோன் என்ற ஹார்மோன் மருந்து கலந்த வகை, 24 நாள் மருந்தும் 4 நாள் வெற்று மாத்திரையுமாக, சிலருக்கு உதவுகிறது. கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு வரலாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள்.

கால்சியம், வைட்டமின் பி6 உதவுமா?

சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் லேசான அறிகுறிகளைக் குறைக்கும். கடுமையான பிஎம்டிடிக்கு அது மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரம் விடுங்கள். பி6-ஐ அதிக அளவில் பல மாதம் போட்டால் கைகால் மரத்துப்போகும்.