எம்சிபி முதல் சப்ஸ்டேஷன் பிரேக்கர் வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்றரை டன் ஏசி போட்டு அரை மணி நேரத்தில் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துவிடுகிறது. 32 மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீசியன். மாட்டலாமா?

வேண்டாம், தயவுசெய்து மாட்டாதீர்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், அது காவல் காப்பது சுவருக்குள் ஓடும் வயருக்கு. 2.5 சதுர மி.மீ. வயரில் 32ஐ மாட்டிவிட்டால், தரவிதிப்படியே அது 46 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம்கூட விழாமல் இருக்கலாம், அதற்குள் பைப்புக்குள் வயரின் பிவிசி உறை இளகிப் போயிருக்கும்.

அரை மணி நேரம் கழித்து விழுகிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் காயில் அந்த நொடியே தட்டிவிடும். கொஞ்சம் கூடுதல் கரண்ட் தொடர்ந்து ஓடினால் இரட்டை உலோகப் பட்டை ஒன்று சூடேறி, மெல்ல வளைந்து, கொக்கியை விடுவிக்கும். உங்களுடையது இரண்டாவது வகை. ஆனால் ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சாதாரணமாக 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும், அதற்கு 16 விழவே கூடாது. அதே லைனில் கீசரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மெயினை அணைத்துவிட்டு எம்சிபியின் ஸ்க்ரூவைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தளர்ந்த ஸ்க்ரூவில் உண்டாகும் சூடு நேராக அந்தப் பட்டைக்கு ஏறி, கரண்ட் அளவோடு இருக்கும்போதே அதை வளைத்துவிடும். வயர் நுனி கறுத்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இறுக்க வேண்டும், எம்சிபியும் கருகியிருந்தால் அதே அளவில் புதியது மாட்டுங்கள்.

கேள்வி: சி16 என்பதில் சி என்றால் என்ன? கீழே கட்டத்துக்குள் 6000 என்று இருக்கிறதே?

காயில் எந்த அளவு கரண்டில் உடனே தட்ட வேண்டும் என்பதற்கான எழுத்து அது. பி என்றால் எம்சிபியில் போட்டிருக்கும் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10, டி என்றால் 10 முதல் 20 மடங்கு. மோட்டார், கம்ப்ரசர் எல்லாம் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும், அதனால் அவற்றுக்கு சி. 6000 என்பது அது பத்திரமாக வெட்டக்கூடிய ஷார்ட் கரண்ட், ஆம்பியரில். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே வீடு என்றால் 10000 போட்டதாக வாங்குங்கள்.

கேள்வி: பழுதான எம்சிபியை உடைத்துப் பார்த்தேன் சார், உள்ளே பத்துப் பன்னிரண்டு இரும்புத் தகடுகள் அடுக்காக இருந்தன, எதிலும் வயர் இணைப்பே இல்லை. எதற்கு அவை?

நல்ல கேள்வி, பிரேக்கரின் உயிரே அந்தத் தகடுகள்தான். இரண்டு முனைகளைப் பிரித்துவிட்டால் கரண்ட் நின்றுவிடும் என்று நினைக்கிறோம், அது நிற்காது, இடைவெளியில் காற்றையே கிழித்துக்கொண்டு பல்லாயிரம் டிகிரி சூட்டில் நெருப்புவில்லாக ஓடும். அந்த வில்லை அதன் சொந்தக் காந்தப்புலமே தகடுகளை நோக்கித் தள்ளுகிறது, இரும்பும் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் வில் துண்டு துண்டாகிவிடும், ஒவ்வொரு துண்டும் நீடிக்க இருபது வோல்ட் அளவுக்குத் தனியாகக் கேட்கும், மொத்தமாகக் கூட்டினால் லைனால் அவ்வளவு கொடுக்க முடியாது. வில் குளிர்ந்து அணைந்துவிடும்.

வீட்டுக்கு வரும் ஏசி கரண்டில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், இன்னொரு உதவியும் உண்டு, 50 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு 100 முறை தானாகவே பூஜ்ஜியத்தைத் தொடும். மாடியில் சோலார் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டிசி, அதில் பூஜ்ஜியமே வராது, சாதாரண ஏசி எம்சிபியை அங்கே மாட்டினால் வில் அணையாமல் பெட்டியே எரியலாம். டிசிக்கென்றே செய்த எம்சிபிகள் சிலவற்றில் காந்தம் வைத்து வில்லைத் தள்ளுவார்கள், பிளஸ் மைனஸ் குறி போட்டிருக்கும். அதை மாற்றி இணைத்தால் வில் தகடுகளை விட்டு எதிர்த்திசையில் ஓடும்.

கேள்வி: சப்ஸ்டேஷன் பிரேக்கரிலும் இதே தகடுகள்தானா? பிரேக்கர் போட்டதும் கொஞ்ச நேரம் கர்ரென்று சத்தம் வருகிறதே?

அங்கே தகடுகள் போதாது. 11, 33 கேவியில் (கேவி என்றால் ஆயிரம் வோல்ட்) இப்போது பெரும்பாலும் வேக்குவம்: காற்றே இல்லாத குடுவைக்குள் தாமிர-குரோமியக் கலவையில் செய்த இரண்டு முனைகள், ஒரு சென்டிமீட்டர் அளவு விலகினாலே போதும். 110 கேவிக்கு மேலே பெரும்பாலும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு) வாயு, வில்லின் மேல் பாய்ச்சி அணைப்பார்கள். அருமையான வாயு, ஆனால் கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும், அதனால் உலகமெங்கும் மாற்று தேடுகிறார்கள். நீங்கள் கேட்ட கர்ர் சத்தம், பிரேக்கரை இயக்கும் ஸ்பிரிங்கை அடுத்த முறைக்காக மோட்டார் முறுக்கி வைப்பது.

கேள்வி: எம்சிபி விழும்போது கைப்பிடியை மேலே பிடித்துக்கொண்டே இருந்தால்?

உள்ளே விழுந்துவிடும். கைப்பிடி மேலே இருந்தாலும் முனைகள் பிரியும்படிதான் செய்கிறார்கள்.

கேள்வி: எல்லா லைனுக்கும் எம்சிபி இருக்கிறது. ஆர்சிசிபியும் வேண்டுமா அண்ணா? அது அடிக்கடி விழுகிறது என்று பக்கத்து வீட்டில் கழற்றியே விட்டார்கள்.

கட்டாயம் வேண்டும். உடம்பு வழியே 50 மில்லி ஆம்பியர் போனாலே உயிர் போகலாம், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கணக்கிலேயே வராது. ஆர்சிசிபி, போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்க்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே தட்டிவிடும். அடிக்கடி விழுவதற்கு நம் ஊர் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் காரணம் இன்வெர்ட்டர்தான், அதன் நியூட்ரலை வேறு லைனின் நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் நியூட்ரல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் விழுந்தால் கீசரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், எலிமென்டில் கசிவு இருக்கலாம்.